மானிட்டரில் வி.ஆர்.ஆர். தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களுக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கும் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது சில வருடங்களாக என் பழக்கம். மானிட்டரை மாட்டிய பத்து நாளுக்குள் போன் வந்துவிடும். "திரை மின்னுது", "ஆப்ஷன் காணோம்", "ஆன் பண்ணியும் வெட்டுது" என்று பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் பல, முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

வி.ஆர்.ஆர்.னா என்ன அண்ணா? அது இல்லாம கேம் ஓடாதா?

ஓடும். வி.ஆர்.ஆர். என்றால் வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை புதுப்பிக்கும் வேகம் தேவைக்கேற்ப மாறுவது. சாதாரண மானிட்டர் தன் தாளத்தை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அப்படி ஒரே தாளம் கிடையாது. ஒரு ஃபிரேமை, அதாவது திரைக்கு அனுப்பும் ஒரு படத்தை, 12 மில்லி விநாடியில் முடிக்கும், அடுத்ததற்கு 21 எடுத்துக்கொள்ளும். மானிட்டர் பாதி வரைந்துகொண்டிருக்கும்போது புது ஃபிரேம் உள்ளே நுழைந்தால் படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும். அதுதான் டியரிங். கார்டை மானிட்டரின் தாளத்துக்குக் கட்டிவைக்கும் வி-சிங்க் என்ற வசதியைப் போட்டால் வெட்டு போய்விடும். ஆனால் கார்டு காத்து நிற்க வேண்டும் என்பதால் மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் நடுவே தாமதம் கூடும். நேரம் தவறிய ஃபிரேம் அடுத்த சுற்று வரை நிற்பதால் திக்கலும் வரும்.

வி.ஆர்.ஆர். வந்த பிறகு மானிட்டர்தான் கார்டுக்காகக் காத்திருக்கிறது. ஃபிரேம் எப்போது தயாரோ அப்போது திரை புதுப்பிக்கும். கார்டு 73 ஃபிரேம் கொடுத்தால் மானிட்டர் 73 ஹெர்ட்ஸ், 91 கொடுத்தால் 91 ஹெர்ட்ஸ்.

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க், அடாப்டிவ்-சிங்க்... மூணும் ஒண்ணா, வேறயா?

வேலை ஒன்றுதான், வந்த வழி வேறு. கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2013-ல் ஜி-சிங்க்கை அறிவித்தபோது மானிட்டருக்குள் அவர்களுடைய தனிச் சிப் பலகை இருந்தாக வேண்டும். அதனால் விலையும் கூடியது. 2014-ல், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பின் 1.2ஏ தரத்தில் அடாப்டிவ்-சிங்க்கைச் சேர்த்தது. அதன்மேல் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. கட்டியதுதான் ஃப்ரீசிங்க், 2015-ல் புழக்கத்துக்கு வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து, ஜி.டி.எக்ஸ். 10 வரிசையிலிருந்து மேலே உள்ள கார்டுகளில் அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களை டிஸ்ப்ளேபோர்ட் வழியே அனுமதித்தது. அதற்குத்தான் 'ஜி-சிங்க் கம்பேட்டிபிள்' என்று பெயர்.

அந்த அறிவிப்பின்போது 400 மானிட்டர்களைச் சோதித்ததில் 12 மட்டுமே தேறியதாக என்விடியா சொன்னது. தேறாதவற்றையும் நாமே ஆன் செய்துகொள்ளலாம், பல நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெட்டியில் 'ஃப்ரீசிங்க்' என்று அச்சிட்டிருப்பதாலேயே எல்லா மானிட்டரும் ஒரே தரம் என்று நினைத்துவிடக் கூடாது.

பெட்டியில 144 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. அப்போ 1-லேர்ந்து 144 வரைக்கும் வேலை செய்யுமா?

செய்யாது. ஒவ்வொரு மானிட்டருக்கும் வி.ஆர்.ஆர். வேலை செய்யும் எல்லை ஒன்று உண்டு. பரவலாகப் பார்ப்பது 48 முதல் 144 வரை. விலை குறைந்த 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் 48 முதல் 75 என்றும் இருக்கும். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பங்கு, ஃபிரேம் எண்ணிக்கை இந்த எல்லைக்கு மேலேயோ கீழேயோ போனதால் வருவதுதான். ஆகவே எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் உங்கள் மானிட்டரின் எல்லை என்ன என்று தெரிந்துகொண்டு எங்காவது எழுதி வையுங்கள். தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடலுக்கான விவரப் பட்டியலில் இருக்கும். ஏ.எம்.டி. கார்டு என்றால் அட்ரினலின் மென்பொருளின் டிஸ்ப்ளே பக்கத்திலும் பார்க்கலாம்.

கீழ் எல்லையைத் தாண்டி இறங்கினால் எல்.எஃப்.சி. என்ற ஏற்பாடு கைகொடுக்கும். விநாடிக்கு 40 ஃபிரேம்தான் வருகிறதென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டி மானிட்டரை 80 ஹெர்ட்ஸில் ஓட்டும். இது நடக்க வேண்டுமென்றால், மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48–144 மானிட்டரில் அந்த இடம் தாராளமாக உண்டு. 48–75 மானிட்டரில் கிடையாது. 40-ஐ இரட்டித்தால் 80, அது 75-ஐத் தாண்டிவிடும். அந்த மானிட்டரில் 48-க்குக் கீழே போனால் பழைய டியரிங்கோ திக்கலோ திரும்பி வந்துவிடும்.

எல்லாம் ஆன் பண்ணிட்டேன். உண்மையிலேயே ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். பல கேமிங் மானிட்டர்களில் ரெஃப்ரெஷ் ரேட்டைத் திரையின் மூலையில் காட்டும் வசதி உண்டு. கேம் ஓடும்போது அந்த எண் ஃபிரேம் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். 144-லேயே ஆணி அடித்தாற்போல் நின்றால் வி.ஆர்.ஆர். ஓடவில்லை. ஃபிரேம் 42, மானிட்டர் 84 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன எல்.எஃப்.சி.தான் அது.

அந்த வசதி இல்லாத மானிட்டர் என்றால், என்விடியா கண்ட்ரோல் பேனலின் மேல்பட்டியில் 'டிஸ்ப்ளே' மெனுவுக்குள் ஜி-சிங்க் அடையாளம் காட்டச் சொல்லும் வரி இருக்கிறது. அதை டிக் செய்தால் கேமுக்குள் சின்ன எழுத்தில் தெரியும். ஆனாலும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சொல்வதைவிட மானிட்டர் காட்டும் எண்ணைத்தான் நான் நம்புவேன்.

செட்டிங்ஸ்ல ஜி-சிங்க் ஆப்ஷனே வரல. கார்டு ஒத்துக்கலையா?

கார்டைச் சந்தேகிக்கும் முன் மானிட்டர் மெனுவைப் பாருங்கள். பல மாடல்கள் கடையிலிருந்து வரும்போதே அடாப்டிவ்-சிங்க் ஆஃபில்தான் வரும். அதை ஆன் செய்யாமல் கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் கிடைக்காது. சில மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பையும் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது 1.1-ல் இருந்தால் 1.2 அல்லது 1.4-க்கு மாற்றுங்கள்.

அப்புறம் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகிவிட்டு கார்டில் குறை தேடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கார்டின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். நடுவில் அடாப்டர் எதுவும் வேண்டாம், எச்.டி.எம்.ஐ.யை டிஸ்ப்ளேபோர்ட்டாக மாற்றும் துண்டு பெரும்பாலும் வி.ஆர்.ஆரைக் கொன்றுவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் பெட்டியில வந்துச்சு. அதுல போட்டா போதாதா?

கார்டையும் மானிட்டரையும் பொறுத்தது. ஏ.எம்.டி. கார்டுகள் பழைய எச்.டி.எம்.ஐ.யிலும் தங்கள் சொந்த வழியில் ஃப்ரீசிங்க்கை ஓட்டும், மானிட்டரும் அதற்கு இசைந்ததாக இருந்தால். என்விடியா கார்டுகளுக்கு மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தின் வி.ஆர்.ஆர். இருக்க வேண்டும். அது 2017-ல் வெளிவந்த தரம், ஆகவே அதற்கு முந்தைய மானிட்டரில் எதிர்பார்க்க முடியாது. பழைய ஃப்ரீசிங்க் மானிட்டர், என்விடியா கார்டு, எச்.டி.எம்.ஐ. கேபிள் என்ற மூன்றும் சேர்ந்தால் வராது. கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஃபுல் ஸ்கிரீன்ல நல்லா ஓடுது, பார்டர்லெஸ் விண்டோல போட்டா ஓடல. ஏன்?

என்விடியாவின் 'செட்டப் ஜி-சிங்க்' பக்கத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும், மற்றது விண்டோவுக்கும் ஃபுல் ஸ்கிரீனுக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-ல் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸுக்குள் விண்டோ முறை கேம்களை மேம்படுத்தும் சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது, அதையும் ஆன் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்டோ முறையை அனுமதித்த பிறகு கேம் அல்லாத மென்பொருள்களும் ஜி-சிங்க்கைப் பிடித்துக்கொள்ளலாம். ஏதோ ஒரு லாஞ்சரோ எடிட்டிங் மென்பொருளோ திறந்தவுடன் மவுஸ் இழுத்து இழுத்துப் போனால் அதுதான் காரணம். கண்ட்ரோல் பேனலின் 3டி செட்டிங்ஸில் அந்த மென்பொருளுக்கு மட்டும் 'மானிட்டர் டெக்னாலஜி' வரியை 'ஃபிக்ஸட் ரெஃப்ரெஷ்' ஆக்கிவிடுங்கள்.

வி.ஆர்.ஆர். ஆன்ல இருக்கு, மானிட்டர் எண்ணும் மாறுது. அப்புறமும் டியரிங் வருதே?

மேல் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கார்டு 190 ஃபிரேம் அனுப்பினால் வி.ஆர்.ஆர். செய்வதற்கு ஒன்றுமில்லை. ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் என்றால் 141 அல்லது அதற்கும் சற்றுக் கீழே. சரியாக 144 என்று வைப்பது போதாது. வரம்பு என்பது சராசரிதான். நடுவில் ஒரு ஃபிரேம் 6.9 மில்லி விநாடிக்கு முன்பே வந்துவிட்டால் அது எல்லைக்கு வெளியே போய்விடும். கேமுக்குள்ளேயே வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதுதான் முதல் தேர்வு, தாமதம் குறைவு. இல்லாவிட்டால் டிரைவரில் வையுங்கள்.

வி-சிங்க்கை ஆஃப் பண்ணச் சொல்லி ஒரு அண்ணன் சொல்றார், ஆன் பண்ணச் சொல்லி இன்னொருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?

ஆன் பண்ணச் சொன்னவர். என்விடியாவில் கண்ட்ரோல் பேனலுக்குள் வி-சிங்க் ஆன், கேமுக்குள் ஆஃப், அதோடு முந்தைய பதிலில் சொன்ன உச்சவரம்பு. என் வீட்டில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஏ.எம்.டி. என்றால் கேமுக்குள் ஆன் செய்தால் போதும்.

வி-சிங்க் என்றாலே தாமதம் என்ற பயம் பழைய அனுபவத்திலிருந்து வருவது. எல்லைக்குள் இருக்கும்வரை மானிட்டர்தான் கார்டுக்காகக் காத்திருக்கிறது, ஆகவே வி-சிங்க்குக்கு வேலையே இல்லை. எப்போதாவது நேரம் பிசகும் ஃபிரேமைப் பிடித்து, திரையின் அடிப்பகுதியில் தெரியும் மெல்லிய வெட்டை நீக்குவது மட்டும்தான் அங்கே அதன் பங்கு. உச்சவரம்பு இல்லாமல் 144-ஐ முட்டினால்தான் பழைய தாமதம் வரும். தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் வசதி உள்ள கேமில் ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றும் ஆனில் இருந்தால் வரம்பைக்கூட நீங்கள் வைக்க வேண்டாம். 144 ஹெர்ட்ஸில் அதுவே 138 அளவில் நிறுத்திக்கொள்ளும்.

இருட்டான சீன்ல திரை படபடன்னு மின்னுது. புது மானிட்டர் அண்ணா, அதுக்குள்ள கெட்டுப்போச்சா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான், குரலில் பதற்றமும் இருக்கும். நிறையப் பணம் கொடுத்து வாங்கியது, பதறாமல் இருக்க முடியாது. பெரும்பாலும் மானிட்டர் கெட்டுப்போகவில்லை. திரையில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் கொஞ்சம் பொறுத்தது. வி.ஏ. வகைத் திரைப் பேனலில் அடுத்த புதுப்பிப்பு தாமதமானால் புள்ளியில் உள்ள மின்னேற்றம் சற்றுக் கசிந்து சாம்பல் நிறம் மாறுகிறது. ஓ.எல்.இ.டி. வகையில் ஒரு குறிப்பிட்ட ரெஃப்ரெஷ் ரேட்டுக்குத்தான் அடர் நிறங்களைத் திருத்தி வைத்திருப்பார்கள், வேறு வேகத்தில் அவை லேசாக நகரும். வேகம் நிதானமாக மாறினால் கண்ணுக்குத் தெரியாது. விநாடிக்குப் பலமுறை ஏறி இறங்கினால் மின்னலாகத் தெரியும். ஐ.பி.எஸ். வகையில் இது குறைவு.

மிக மோசமான இடம் கீழ் எல்லையின் விளிம்பு. 48–144 மானிட்டரில் 49 ஃபிரேம் வந்தால் 49 ஹெர்ட்ஸ். 47 ஆனதும் எல்.எஃப்.சி. புகுந்து 94 ஹெர்ட்ஸ். கேம் 46-க்கும் 50-க்கும் நடுவே ஊசலாடினால் மானிட்டர் இரு மடங்குக்கும் ஒரு மடங்குக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். என்னுடைய வி.ஏ. மானிட்டரில் ஒரு காட்டுக் காட்சி தாங்க முடியாத அளவுக்கு மின்னியது. டிரைவர்களை மாற்றிப் பார்த்து ஒரு வாரம் போனது. கடைசியில் மானிட்டரின் எண்ணை ஆன் செய்து பார்த்தபோதுதான் 48-க்கும் 95-க்கும் நடுவே அது குதிப்பது தெரிந்தது. நிழல் தரத்தை ஒரு படி இறக்கினேன், ஃபிரேம் 60-க்கு மேல் போனது, மின்னல் நின்றது.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. கிராஃபிக்ஸ் தரத்தைக் குறைத்தோ படத்தைக் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். மாதிரி வசதியை ஆன் செய்தோ கீழ் விளிம்பை விட்டு விலகுங்கள். அப்புறம், உங்கள் கார்டு எப்போதும் எட்டும் அளவில் வரம்பை வையுங்கள். 70-க்கும் 130-க்கும் நடுவே ஆடும் கேமை 75-ல் கட்டினால் எண் குறைவாகத் தெரியும், ஆனால் படம் அமைதியாகிவிடும்.

கேம் லோட் ஆகும்போது மட்டும் மின்னுது. விளையாடும்போது ஒண்ணுமில்ல.

அப்படியே விட்டுவிடுங்கள். லோடிங் திரையிலும் மெனுவிலும் ஃபிரேம் எண்ணிக்கை ஒரு கணம் பூஜ்ஜியத்தை ஒட்டி விழும், அடுத்த கணம் நூற்றுக்கணக்கில் ஏறும். முந்தைய பதிலில் சொன்ன அதே காரணம்தான். மெனுவுக்குத் தனி வரம்பு வைக்கும் கேம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

சி.ஆர்.யு.ன்னு ஒரு மென்பொருள் வெச்சு எல்லையவே மாத்தலாமாமே?

மாற்றலாம். மானிட்டர் தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் தகவலை அது விண்டோஸுக்குள் திருத்தி வைக்கிறது, மானிட்டருக்குள் எதையும் எழுதுவதில்லை. கீழ் எல்லையை 48-லிருந்து 55 அல்லது 60-க்கு ஏற்றினால் மின்னல் குறைய வாய்ப்புண்டு. பேனல் மிக மெதுவான வேகத்துக்குப் போகாமல் எல்.எஃப்.சி. சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். 60–144 என்றாலும் இரண்டு மடங்கு இடம் மிச்சமிருக்கிறது.

தரம் குறைத்தும் வரம்பு வைத்தும் தீராதவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன். தவறான எண்ணைக் கொடுத்தால் திரை கறுப்பாகிவிடலாம். அப்படி ஆனால் சேஃப் மோடில் போய், அந்த மென்பொருளோடு வரும் ரீசெட் கோப்பை ஓட்டினால் பழையபடி ஆகிவிடும். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

விளையாடிட்டிருக்கும்போது ரெண்டு செகண்ட் திரை கறுப்பாகித் திரும்பி வருது.

இது மேலே சொன்ன மின்னல் இல்லை, இணைப்பு அறுந்து மறுபடி சேர்வது. முதல் சந்தேகம் கேபிள். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 விநாடிக்கு 32.4 ஜிகாபிட் வரை தகவலைக் கடத்த வேண்டும், அதற்கு இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் சாதாரணக் கேபிள்கள் திணறும். மானிட்டரோடு வந்த கேபிளோ வெசா சான்று பெற்ற குட்டைக் கேபிளோ போட்டுப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 2.1 என்றால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற ஒட்டுத்தாளும் ஸ்கேன் செய்யும் குறியீடும் உள்ள கேபிள்.

புதுக் கேபிள் கைவசம் இல்லையென்றால் 165 ஹெர்ட்ஸை 120-க்கு இறக்கிப் பாருங்கள். கறுப்பாவது நின்றால் கேபிள் மேல் உள்ள சந்தேகம் உறுதி.

100 ஃபிரேமுக்கு மேல காட்டுது, வி.ஆர்.ஆரும் ஓடுது. ஆனாலும் திக்கித் திக்கிப் போகுதே?

ஃபிரேம் வந்த நேரத்தில் காட்டுவதுதான் வி.ஆர்.ஆரின் வேலை. சீராக வரவழைப்பது அதன் கையில் இல்லை. விநாடிக்கு 100 என்பது சராசரி. 99 ஃபிரேம் வேகமாக வந்து ஒன்று மட்டும் 80 மில்லி விநாடி எடுத்தால் அந்த ஒன்றைக் கண் பிடித்துவிடும். ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் கோட்டைப் பாருங்கள். கோடு தட்டையாக இருக்க வேண்டும். ஈட்டி ஈட்டியாக எழும்பினால் பிரச்சினை மானிட்டரில் இல்லை.

புதுக் கேம்களில் புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திக்கினால் பெரும்பாலும் ஷேடர் தொகுப்புதான் காரணம், அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களைக் கேம் அந்த நேரத்தில் தயார் செய்வது. இரண்டாவது முறை அதே இடத்தில் திக்காது. நினைவகம் போதாமை, பிராசஸர் முட்டுவது, பின்னணியில் ஓடும் வைரஸ் ஸ்கேன் எல்லாம் மற்ற காரணங்கள். மானிட்டரை மாற்றி இவை எதையும் தீர்க்க முடியாது.

ஓடுற பொருளுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு நிழல் வருது. வேகம் குறைஞ்சா இன்னும் மோசம்.

ஓவர்டிரைவ், அதாவது புள்ளிகளை வேகமாக நிறம் மாறத் தள்ளும் மானிட்டர் செட்டிங், அதிகமாக இருக்கிறது. 144 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் வேகம் 60 ஹெர்ட்ஸில் எல்லை மீறி, நிறம் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். மானிட்டர் மெனுவில் ஒரு படி இறக்குங்கள். பழைய ஜி-சிங்க் சிப் பலகையின் பெரிய பலம், வேகத்துக்கு ஏற்ப இதைத் தானே மாற்றிக்கொள்வது. மற்ற மானிட்டர்களிலும் சிலவற்றில் இப்போது அந்த வசதி உண்டு.

ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கேன், ஒண்ணு 60, ஒண்ணு 165. சேர்த்து வெச்சா வி.ஆர்.ஆர். வராதா?

விண்டோஸில் வரும். இரண்டாவது மானிட்டரில் வீடியோ ஓடும்போது கேம் திக்கினால், வீடியோ ஓடும் பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை ஆஃப் செய்து பாருங்கள். கேமை பார்டர்லெஸ்ஸிலிருந்து ஃபுல் ஸ்கிரீனுக்கு மாற்றியும் பாருங்கள்.

லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய அமைப்பான எக்ஸ்11-ல் இரண்டு மானிட்டர் இருந்தால் சிக்கல்தான், புதிய அமைப்பான வேலாண்டுக்கு மாறுவதே வழி. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் கே.டி.இ. பிளாஸ்மாவில் வேலாண்டு வி.ஆர்.ஆர். 2021 முதல் இருக்கிறது. க்னோம் 2024-ல் பரிசோதனை நிலையில் சேர்த்தது.

கேமிங் லேப்டாப்ல வெளி மானிட்டர் மாட்டினேன். ஜி-சிங்க் காட்டவே மாட்டேங்குது.

நீங்கள் செருகிய போர்ட் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கும். பல லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. ஒரு பக்கமும் டைப்-சி இன்னொரு பக்கமுமாகப் போகும். வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். எந்த கிராஃபிக்ஸ் திரையை ஓட்ட வேண்டும் என்று மாற்றும் மக்ஸ் சுவிட்ச் உள்ள லேப்டாப் என்றால் தனி கிராஃபிக்ஸ் மட்டும் என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பி.எஸ்.5-ஐ அதே மானிட்டர்ல மாட்டினா வி.ஆர்.ஆர். வரலயே, ஃப்ரீசிங்க்னு போட்டிருக்கே?

பி.எஸ்.5-க்கு 2022 ஏப்ரலில் வி.ஆர்.ஆர். வந்தது, எச்.டி.எம்.ஐ. 2.1 வழியில் மட்டும். ஃப்ரீசிங்க் மட்டும் உள்ள மானிட்டரை அது ஏற்காது. எல்லையும் 48 முதல் 120 வரைதான். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் என்றால் எச்.டி.எம்.ஐ. 2.1 வழி, ஃப்ரீசிங்க் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

புதுசா வாங்கப் போறேன். எதைப் பார்த்து வாங்கணும்?

எல்லையின் இரண்டு எண்களைப் பாருங்கள், மேல் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். இருட்டான கேம்களை இருட்டறையில் விளையாடுபவர் என்றால் வி.ஏ., ஓ.எல்.இ.டி. இரண்டிலும் மின்னலைப் பற்றி அந்த மாடலுக்கான விமர்சனத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெசா 2022-ல் தொடங்கிய 'அடாப்டிவ்-சிங்க் டிஸ்ப்ளே' சான்று மின்னலையும் சோதித்துத் தருவது. அந்த முத்திரை இருந்தால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை வரும்.

எப்போதான் கடையில மாத்திக் கேக்கலாம்? சும்மா போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

வி.ஆர்.ஆரை மானிட்டர் மெனுவிலேயே ஆஃப் செய்யுங்கள். விண்டோஸில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60-ல் நிறுத்துங்கள். அடர் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். அப்போதும் மின்னினால், வேறு கேபிளும் வேறு கம்ப்யூட்டரும் போட்டு அதையே செய்யுங்கள். மறுபடி மின்னினால் மானிட்டரில்தான் குறை. இரண்டையும் மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு, மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் போய்விடுங்கள்.